குருதித் துளியைப் பார்த்துச் சொன்னவர்கள்: மானிப்பாயிலிருந்து ரொறன்ரோ வரை ஒரு தொழிலின் கதை

புத்தாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, அரசர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுத எங்களுக்குள்ளே படித்த பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விட்டார்களில்லை. நான் உயர்தரத்தில் பயோ படித்தவள். அதற்கு மேலே படிக்கவில்லை. இப்போது சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆகவே எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். டொக்டருடைய கதை எல்லாருக்கும் தெரியும். தாதிமாரின் கதையும் ஓரளவு தெரியும். நாங்கள் கொடுக்கிற இரத்தத்தையும் சலத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கதவுக்கு அங்காலே இருந்து வேலை செய்கிறார்களே, அவர்களுடைய கதைதான் இது.

எங்கடை சனத்தில் சலரோகம் இல்லாத வீடு எத்தனை சொல்லுங்கோ? மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வெறும் வயிற்றோடை போய்க் குந்தி இருந்து, கையை நீட்டி, மூன்று நாலு குழாய் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு டொக்டர் 'ஏ-வன்-சி கூடிப்போச்சு, சோற்றைக் குறையுங்கோ' என்கிறார். அந்த இலக்கத்தை டொக்டர் கண்டுபிடிக்கவில்லை. வேறு யாரோ ஒருவர் கண்டுபிடித்து அனுப்புகிறார். ஊரில் அவரை 'எம்.எல்.ரி.' என்போம். கடதாசியில் எழுதும்போது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். பெயர் நீளமாக இருக்கிற அளவுக்கு ஆளை ஒருவருக்கும் தெரியாது.

எங்களுடைய மண்ணில் மேற்கத்திய மருத்துவப் பயிற்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால் மானிப்பாய் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்தியமும் பார்த்து மாணவர்களுக்கும் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்த பொடியள் அரசாங்கச் சம்பளத்துக்கு வெளியிடங்களுக்குப் போய்விட்டார்கள், கிராமத்தில் ஒருவரும் நிற்கவில்லை. இதைக் கண்ட கிறீன் 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழ்ச் சனத்தோடு இருப்பான் என்பது அவருடைய கணக்கு. அறுபதுக்கு மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார், அதில் அரைவாசிப் பேர் தமிழிலே படித்தவர்கள். அவரும் மாணவர்களும் சேர்ந்து உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை என்று பெரிய பெரிய புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். இரசாயனத்துக்கு 1875இல் வந்த புத்தகத்தின் பெயர் 'கெமிஸ்தம்'. இந்தப் பெயரை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். நாங்கள் உயர்தரத்தில் 'இரசாயனவியல்' என்று பாடமாக்கிய அதே பாடத்தை நூற்றிச்சொச்சம் வருடத்துக்கு முன்னமே தமிழில் ஒருக்கால் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கிறீனுடைய காலத்தில் ஆய்வுகூடம் என்று ஒன்று இல்லை. 1860களில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியபோது அவரும் மாணவர்களும் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார்கள். எந்தக் கிருமியால் இது வருகிறது என்று காட்ட அன்றைக்கு ஒருவராலும் முடியாது. கிறீன் 1873இல் ஊரைவிட்டுப் போய் 1884இல் அமெரிக்காவில் இறந்தார். தன்னுடைய கல்லறையில் தமிழர்களுக்கு வந்த மருத்துவ ஊழியன் என்ற கருத்துப்பட எழுதும்படி கேட்டிருந்தார், அப்படியே எழுதியிருக்கிறார்கள். அவர் இறந்த அதே 1884இல்தான் ஜேர்மன்காரரான றொபேட் கொக் கல்கத்தாவிலிருந்து வாந்திபேதிக் கிருமியை உறுதிப்படுத்தி அறிவித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பவர் பற்றீரியாவுக்குச் சாயம் ஊட்டிப் பிரித்தறியும் முறையை வெளியிட்டதும் அதே வருடம்தான். இன்றைக்கும் உலகத்திலுள்ள எந்த லாப்பிலும் முதலாம் வருட மாணவருக்கு அந்தக் கிராம் சாயத்தைப் படிப்பிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வேகம்தான். 1880இலேயே அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ டொக்டர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி செகந்திராபாத்தில் றொனால்ட் றொஸ், நுளம்பின் வயிற்றில் அதே கிருமி வளர்வதைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் அவருக்கு நுளம்பு பிடித்துக் கொடுத்து, வளர்த்து, கூடவே நின்று வேலை செய்த மொகமட் பக்ஸ் என்ற உதவியாளரின் பெயர் புத்தகத்தின் மூலையில் கிடக்கிறது. இந்தத் தொழிலின் தலையெழுத்தே அதுதானோ என்று சில நேரம் நினைப்பதுண்டு.

இலங்கையில் 1899 அளவில் கொழும்பில் டி சொய்சா குடும்பத்தாரின் கொடையில் பற்றீரியாவியல் நிறுவனம் ஒன்று உருவானது. இத்தாலியரான கஸ்ரெல்லானி 1903இல் அங்கே வந்து, 1905இல் பறங்கிப்புண் என்று எங்கடை ஆட்கள் சொல்லும் வருத்தத்தின் கிருமியை அங்கேயே கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், எல்லாரும் 'எம்.ஆர்.ஐ.' என்று சொல்லுவது. எம்.எல்.ரிமாரைப் பயிற்றுகிற பள்ளிக்கூடமும் அதோடுதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் இந்த வேலைக்குப் படிப்பு என்று ஒன்றும் கிடையாது. போத்தல் கழுவவும் முயலுக்குப் புல்லுப் போடவும் எடுத்த பொடியன், டொக்டர் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சாயம் ஊட்டப் பழகி, கடைசியில் டொக்டருக்கே தெரியாத நுட்பமெல்லாம் தெரிந்தவனாக வருவான். சம்பளம் மட்டும் போத்தல் கழுவுகிற சம்பளம். இங்கிலாந்தில் 1912இல் அல்பேட் நோர்மன் என்ற லாப் உதவியாளர் இப்படியானவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். கனடாவில் அது 1937இல் நடந்தது. இங்கே ஒன்ராறியோவில், ஹமில்ரனில் கூடியவர்கள் நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சோதனை, ஒரே சான்றிதழ் என்பது அவர்களுடைய கோரிக்கை. பெரும் பொருளாதார மந்தம் முடியாத காலம். வேலை இருந்தாலே காணும் என்றிருந்த நேரத்தில் சோதனை வையுங்கள் என்று தாங்களே கேட்ட தொழிலாளர்கள் அவர்கள். தொழிற்சாலையில் நிற்கிற எனக்கு அந்த இடம் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது மலேரியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் நாட்டில் லாப் வேலையின் மகிமை அதில்தான் தெரியும். 1934-35இல் இலங்கையில் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். 1946இலிருந்து டி.டி.ரி. அடித்து நுளம்பைக் குறைத்தார்கள். 1963இல் முழு நாட்டிலும் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வெற்றி என்று நினைத்து மருந்தடிப்பதை விட்டார்கள், காய்ச்சல்காரரின் இரத்தம் பார்ப்பதும் தளர்ந்துபோனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கில் அது எப்படி ஆடியது என்பது வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1999இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேல்.

மலேரியா இருக்கா இல்லையா என்று தெரிய ஒரே வழி அப்போது இரத்தப் பூச்சுத்தான். விரலில் குத்தி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடிப்பாக ஒரு பூச்சு, மெல்லிசாக இன்னொரு பூச்சு. காய்ந்த பிறகு கீம்சா சாயம். பிறகு நுணுக்குக்காட்டியில் எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருப்பித்து, வட்டம் வட்டமாக நகர்த்தி நூறு இடமாவது பார்க்க வேண்டும். ஒரு சின்ன நீல மோதிரம், அதில் ஒரு சிவப்புக் கல்லு. அவ்வளவுதான் தெரியும். அது எந்த வகை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வகை ஆளை நாலு நாளில் முடிக்கும், மற்றது மாதக்கணக்கில் ஒளித்திருந்து திரும்ப வரும், மருந்தும் வேறை. என்னுடைய சித்தி இந்த வேலை செய்தவ. கொழும்பில் பயிற்சி எடுத்துவிட்டு ஊருக்கு வந்த ஆள். கரண்ட் இல்லாத காலத்தில் நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கிற கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெய்யில் வெளிச்சத்தில் பார்ப்பாவாம். மேகம் மூடினால் வேலை நிற்கும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வந்த காய்ச்சல்காரருக்கு அடுத்த நாள் விடிய வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் பார்க்க ஏலாதா என்று ஒருமுறை கேட்டேன். 'மஞ்சள் வெளிச்சத்தில் சாயத்தின் நிறம் பொய் சொல்லும், பிள்ளை' என்று சொன்னா.

சித்தியைப் போன்ற பேர் தெரியாத எத்தனையோ பேர் யுத்தத்துக்கு இரண்டு பக்கமும் இருந்து தகடு பார்த்தபடியால்தான் 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று இங்கே ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இவ்வளவு பெரிய வேலைக்கு எங்கடை பிள்ளைகள் ஏன் ஆசைப்பட்டுப் போகவில்லை? பயோ படித்தால் டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஒரு காரணம். அந்த எண்ணத்துக்குப் பின்னாலே ஒரு காயமும் இருக்கிறது. தரப்படுத்தல் வந்த 1971இல் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளி காணும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். பூட்டின கதவைத்தானே சனம் திரும்பத் திரும்பத் தட்டும்? பக்கத்தில் திறந்திருந்த சின்னக் கதவுகளை ஒருவரும் பார்க்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் வந்தது. அதற்கு வெகு காலத்துக்குப் பின், இரண்டாயிரமாம் ஆண்டுகளில்தான் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் அங்கே பட்டப்படிப்பாக வந்தது. என்னுடைய பெறுபேறு மருத்துவத்துக்குக் காணாது, எம்.எல்.ரிக்குக் காணும் என்று சித்தி சொன்னா. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டினதற்குப் பிறகு எங்களுடைய வீட்டில் படிப்பைப் பற்றிய கதை நின்றுபோய், ஆட்களை வெளியிலை எடுக்கிற கதை தொடங்கிவிட்டது. அதோடு என் படிப்பு சரி.

இனி ரொறன்ரோ. இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த எத்தனை பேருக்கு, தாங்கள் வயிற்றில் குத்துகிற இன்சுலின் இங்கேதான் பிறந்தது என்று தெரியுமோ தெரியாது. 1921 கோடையில் பன்ரிங் என்ற டொக்டரும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த சார்ள்ஸ் பெஸ்ற் என்ற 22 வயதுப் பொடியனும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நாய்களில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பன்ரிங்குக்கு வெட்டத் தெரியும், சீனியின் அளவு பார்க்கத் தெரியாது. பெஸ்றுக்குத்தான் இரத்தத்திலும் சலத்திலும் சீனி அளக்கத் தெரியும். அந்த அளவு இல்லையென்றால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பிள்ளைக்கு முதல் ஊசி போட்டார்கள். சரிவரவில்லை, அழுக்கு அதிகம். கொலிப் என்ற இரசாயன ஆய்வாளர் இரவுபகலாக நின்று அதைச் சுத்தமாக்கிக் கொடுத்தார், 23ஆம் திகதி திரும்பப் போட்டார்கள், பிள்ளையின் சீனி இறங்கியது. 1923இல் நோபல் பரிசு பன்ரிங்குக்கும் பேராசிரியர் மக்லியொட்டுக்கும் போனது. பன்ரிங் தன் பங்குக் காசில் பாதியைப் பெஸ்றுக்கும், மக்லியொட் தன்னுடையதில் பாதியைக் கொலிப்புக்கும் கொடுத்தார்கள். மொகமட் பக்ஸுக்குக் கிடைக்காதது இவர்களுக்கு அரைவாசியாவது கிடைத்தது.

ஒன்ராறியோவில் முன்பு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே பழக்கி எடுத்தது. ஆஸ்பத்திரிகள் பெருகப் பெருக அது போதவில்லை. எங்கள் றிச்மண்ட் ஹில்லில் இப்போது மக்கென்சி என்று சொல்லப்படுகிற ஆஸ்பத்திரி, யோர்க் சென்ரல் என்ற பெயரில் 1963இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மாகாணம் முழுக்க இப்படித் திறந்தார்கள். 1958இல் ரொறன்ரோவில் இதற்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். பின்னாளில் அது முன்னாள் ஆளுநர் நாயகம் றோலண்ட் மிச்னரின் பெயரைப் பெற்றது, 2016இலிருந்து பல்கலைக்கழக சுகாதார வலையமைப்போடு சேர்ந்து இயங்குகிறது. சென்ற் பற்றிக் வீதியில் இருக்கிறது. ஒஷாவாவில் உள்ள ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தில் நாலு வருடப் பட்டமாகவும் படிக்கலாம். எங்கே படித்தாலும் முடிவில் தேசிய மட்டத்திலான சோதனையை எழுதி, பிறகு மாகாணக் கல்லூரியில் பதிய வேண்டும். 1991இல் நிறைவேறிய சட்டத்தின்படி பதிவில்லாதவர் தொழில்நுட்பவியலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு நியூபவுண்ட்லாந்தின் கதையைச் சொல்லலாம். 1997க்கும் 2005க்கும் இடையில் சென்ற் ஜோன்ஸில் மார்பகப் புற்றுநோய்க்காரரின் திசுக்களில் செய்த ஒரு பரிசோதனை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பிழையாக வந்தது. எந்த மருந்து கொடுப்பது என்பதே அந்தப் பரிசோதனையில்தான் தங்கியிருந்தது. மருந்து கிடைத்திருக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீதிபதி மாகிறற் கமரன் விசாரித்து 2009இல் அறிக்கை கொடுத்தார். தரக்கட்டுப்பாடு இல்லை, பயிற்சி போதாது என்பவை அதில் தெளிவாக வந்தன. ஒன்ராறியோவிலும் 2000 மே மாதம் வோக்கேட்டன் என்ற சின்ன ஊரில் குடிதண்ணீரில் மாட்டெருவின் கிருமி கலந்து 7 பேர் செத்து, 2,300 பேருக்கு மேல் படுத்தார்கள். அங்கே லாப் கிருமியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தது. ஆனால் முடிவை நீர் வழங்கும் பகுதிக்கு மட்டும் அனுப்பியது, சுகாதார அதிகாரிக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் இல்லை. எங்களுடைய தொழிற்சாலையில் கிழமைக்கு ஒருக்கால் ஒரு பிள்ளை வந்து மெசினைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போகும். இதைப் படித்த பிறகு, அந்தப் பிள்ளை வருகிற நாளில் மெசினைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

கண்டிப்பு சரிதான். அந்தப் படலைக்கு வெளியிலே நிற்கிற எங்கடை ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு இரவு வேலை செய்கிற அக்கா ஒருவர் ஊரில் பன்னிரண்டு வருடம் எம்.எல்.ரியாக இருந்தவ. இரத்த வங்கியில் குறுக்குப் பொருத்தம் பார்த்த கை இப்போது பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டுகிறது. வெளிநாட்டில் பயின்றவர் தன் படிப்பையும் வேலையையும் காட்டி மதிப்பிடச் செய்ய வேண்டும். ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும். குறையென்று கண்ட பாடங்களைப் படித்து முடிக்க வேண்டும். பிறகுதான் சோதனை. அக்காவுக்கு முதல் முட்டு, பாடவிபரம் எழுதிய கடிதம். ஊரிலிருந்து அதை எடுப்பிக்க ஒன்றரை வருடம் போனது. அடுத்தது, படிக்கிற வகுப்பெல்லாம் பகலில். இரவு வேலை முடிந்து பகலில் படித்தால் எப்போது நித்திரை? இடையிலே ஆலோசனை கேட்கப் போன ஓரிடத்தில், குறுகிய படிப்பான ஆய்வுகூட உதவியாளர் வேலைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது கேவலமான வேலை இல்லை. இரத்தம் எடுப்பதும் மாதிரிகளைப் பிரித்து ஆயத்தம் செய்வதும் அவர்கள்தான், எங்கடை பிள்ளைகள் கனபேர் அந்த வழியாலே ஆஸ்பத்திரிக்குள்ளே கால் வைத்திருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் முடிவு எழுதிய ஆளுக்கு அதை மட்டும் காட்டுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். 2020இல் கோவிட் வந்தபோது லாப்பில் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ரிவியில் சொன்னார்கள். அக்கா அந்த நேரமும் பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தா.

சங்கத்தார் இதில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எங்களுக்குள்ளே பதிவு பெற்று வேலை செய்கிற தமிழ்த் தொழில்நுட்பவியலாளர்கள் பலர் மார்க்கத்திலும் ஸ்காபறோவிலும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் வந்து, சோதனைக்கு ஆயத்தம் செய்கிறவர்களோடு குந்தியிருந்தால் காணும். சங்க அறையில் மேசை இருக்கிறது, தேத்தண்ணிக்கு நாங்கள் பொறுப்பு. அக்கா மூன்று பாடம் முடித்துவிட்டா. இன்னும் திசுவியல் இருக்கிறது. ஊரில் இரத்த வங்கியோடு இருந்ததால் அந்தப் பக்கம் கைப்பழக்கம் விட்டுப்போச்சு என்கிறா. திசுவியல் தெரிந்த ஒருவர் இதை வாசித்தால் சங்கத்தோடு தொடர்புகொள்ளுங்கோ.